ஒரு கோடு இறங்கிய பாக்கெட்

ஞாயிற்றுக்கிழமைகளில், சுற்றுலாக்காரர்கள் குவிகிற எல்ல என்ற ஊரில் என்னைப் பார்த்தவர்கள் பிக்பாக்கெட் என்று நினைத்திருந்தால் அவர்கள் மீது தப்பில்லை. வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நடந்துகொண்டு, அவர்கள் திரும்பும்போதெல்லாம் நெஞ்சுப் பாக்கெட்டையே உற்றுப் பார்க்கிற ஐம்பத்தெட்டு வயது ஆளை வேறு என்னவென்று நினைப்பது? பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில் எனக்கு அக்கறையே இல்லை. பாக்கெட் நேராக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

பதுளைக்கு வெளியே ஒரு கார்மெண்டில் நான் செக்கர். இருபத்து மூன்று வருடங்களாக அதே மேசை. தைத்து முடிந்த சட்டை என்னிடம் வரும். காலர், கை, பொத்தான், பாக்கெட் எல்லாவற்றையும் பார்த்து நல்லதை வலது பக்கமும் பிழையானதை இடது பக்கமும் போட வேண்டும். கட்டம் போட்ட துணி என்றால் கூடுதலாக ஒரு வேலை. பாக்கெட்டில் ஓடுகிற கோடு, அதற்கு அடியில் உடம்புத் துணியில் ஓடுகிற கோட்டோடு அச்சாகச் சேர வேண்டும். சரியாகச் சேர்ந்தால் அங்கே பாக்கெட் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதைத் தேடித் தேடிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து கார்மெண்ட் லைனுக்கு வந்து சேர்ந்தவன் நான். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு அங்கே பெரட்டு என்று பெயர், இங்கே மீட்டிங். இரண்டிலும் நின்றுகொண்டேதான் திட்டு வாங்க வேண்டும்.

என்னுடைய ஆசை மிகச் சின்னது. என் மேசையைத் தாண்டிப் போன ஒரே ஒரு சட்டையை, ஒரே ஒரு தடவை, ஒரு மனிதரின் உடம்பில் பார்த்துவிட வேண்டும். நான் பார்ப்பதெல்லாம் ஆளில்லாத சட்டைகள். கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, காலருக்கு அடியில் அட்டை கொடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டியில் படுக்க வைப்பார்கள். லொறி கொழும்புக்குப் போகும், கப்பல் எங்கேயோ போகும். அதோடு சரி. பதுளை நடைபாதையில் லேபல் வெட்டிய சட்டைகள் குவியலாக விற்கும். ஆனால் அவை நான் இடது பக்கம் போட்டவை. எனக்கு வலது பக்கத்துச் சட்டை வேண்டும்.

இதை ஏன் இருபத்து மூன்று வருடம் கழித்துத் தேடினேன் என்றால், கண். போன வருடத்திலிருந்து மேசையில் கிடக்கும் சட்டை ஹப்புத்தளை ரோட்டைப் போலப் பனி மூடித் தெரிய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. விரலால் தடவிப் பார்த்துச் சமாளித்தேன். அப்போது புதிதாக வந்த மேனேஜர் மேடம், உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் செக்கர்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை என்று மீட்டிங்கில் சொன்னார். தேறாதவர்களுக்கு மேசை இல்லை. எனக்கு அப்போதே தெரியும், நான் தேற மாட்டேன் என்று. ஆகவே தவக்காலம் முழுவதும் பூசை முடிந்த கையோடு எல்லவுக்கு ரயில் ஏறினேன். மற்றவர்கள் தவக்காலத்தில் இறைச்சியை விட்டார்கள். நான் மானத்தை விட்டேன்.

வீட்டில் இருந்து என்ன செய்வது என்பதும் ஒரு காரணம்தான். வீடு என்று சொல்வது பழக்கதோஷம். வாடகை அறை. ஒரு கட்டில், தண்ணி கொதிக்க ஒரு கேத்தல், கொடியில் இரண்டு சட்டை. கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனேன், பண்டாரவளைப் பக்கம். நல்ல மனிதர்கள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த பெண் அங்கேயே நின்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, “பிளவுஸ்ல எடது கை சுருங்கி நிக்குதுங்க, நூல் இழுவை கூடிப்போச்சு” என்றேன். அந்த பிளவுஸை அன்றைக்கென்று அவளே இராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்தாளாம். கூட வந்த அக்கா வழிநெடுக என்னோடு பேசவில்லை. சட்டையைப் பார்த்தால் அதற்குள் ஆள் இருப்பது எனக்கு மறந்துவிடும்; அதுதான் என் தொழில் வியாதி.

தொழிற்சாலையில் மட்டும் எனக்குப் பேச்சுத் துணை உண்டு. அதுவும் சத்தமில்லாத பேச்சு. மெஷின்கள் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. ஆகவே வாயை அகலமாகத் திறந்து மூடி, உதட்டால் மட்டுமே பேசுவோம். புருவமும் கையும் உதவிக்கு வரும். நாலு மெஷின் தள்ளிப் பாக்கெட் தைக்கிற ஒரு பெண் இருக்கிறாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம், இரண்டு பிள்ளைகளின் தாய், என்னை மாமா என்பாள். திங்கட்கிழமை காலையில் அவளுடைய உதடு கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

“மாமா, ஆள் கெடைச்சிச்சா?”

நான் உதட்டைப் பிதுக்குவேன். அவள் சிரிப்பாள். ஒரு தடவை, வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் சட்டையைக் குரங்குக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனான் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மேடம் எழுந்து வந்தார். நான் சொல்வதில் பாதிக்கு மேல் புளுகு என்பது அந்த லைனுக்கே தெரியும். அந்தப் பெயரைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவன் நான்.

எல்லயில் ஒரு கட்டச் சட்டையைக் கண்டது தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு. நீலமும் மஞ்சளுமான கட்டம், ஆம்பிளைச் சட்டை, ஆனால் போட்டிருந்தது எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மா. முழங்கை வரை மடித்து, முழங்கால் வரை தொங்கவிட்டிருந்தார். ஸ்டேசனிலிருந்து கடைத்தெரு வரை பின்னாலேயே போனேன். அவர் நின்றால் நின்றேன். அவர் கள்ளிச்செடி பார்த்தால் நானும் கள்ளிச்செடி பார்த்தேன். கடைசியில் ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து, நேராக என்னைக் கை காட்டிக் கடைக்காரரிடம் ஏதோ சொன்னார்.

கடைக்காரர் தோட்டத்து ஆள்தான். முன்பு வழிகாட்டியாக இருந்து இங்கிலீஷ் கற்றவர். என்னை முன்பே பார்த்து வைத்திருக்கிறார்.

“அண்ணே, தொரசானி கேக்குறாங்க, நீங்க போலீஸா, கள்ளனா, இல்ல மாப்பிள்ளையான்னு. என்னான்னு சொல்லட்டும்?”

“சேட்டு பாக்குற ஆள்னு சொல்லுங்க” என்றேன், அந்த அம்மாவின் சட்டையைக் காட்டி.

“அத சொன்னா நேரா போலீஸுதான்.”

ஆனாலும் என் கார்மெண்ட் வேலையைக் கேட்டு, லேபல் பார்க்கத்தான் என்று எடுத்துச் சொன்னார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, சட்டையின் பக்கவாட்டு மடிப்பை அவரே பிடித்துத் திருப்பிக் காட்டினார். குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். வேறு நாட்டு லேபல். எங்களுடையது இல்லை. பாக்கெட்டோ, இருப்பதே தெரியாதபடி கோட்டோடு கோடு சேர்ந்திருந்தது. பொறாமையாக இருந்தது.

“இது அவுங்க புருசன் சேட்டாம்” என்றார் கடைக்காரர். “அவர் போய்ட்டாராம். ஊர் சுத்தும்போது இத போட்டுக்கிருவாங்களாம்.”

நான் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன். இந்தத் தடவையும் உள்ளே ஆள் இருப்பது மறந்துபோயிருந்தது. உட்கார் என்று அந்த அம்மா கை காட்டினார். உட்கார்ந்தேன்.

அவருடைய ஊர் இங்கிலாந்தில் வடக்கே, ஊர் முழுக்கத் துணி ஆலையாக இருந்த இடமாம். அவரைப் பெற்ற தாய் தறி ஓட்டியவர். கடைக்காரர் ரொட்டிக்கு மாவைத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு துண்டாகத் தமிழில் எடுத்துக் கொடுத்தார்.

“அங்க ஒரு செடி பஞ்சு வெளையாதாம். குளிரு. எல்லாம் அமெரிக்காவுலேருந்து கப்பல்ல வருமாம்.”

“யாரு பறிச்சா?”

“அடிமைங்க. ஆப்பிரிக்காவுலேருந்து புடிச்சிக்கிட்டுப் போன சனம்.”

அந்த அம்மா இடையில் ஏதோ சேர்த்தார். கடைக்காரர் மாவைத் தட்டுவதை நிறுத்தினார்.

“அண்ணே, புடிச்சிக்கிட்டு மட்டும் போகலியாம். சாமான் குடுத்தும் வாங்கியிருக்காங்க. துப்பாக்கி, சாராயம், துணி. அந்தத் துணியில மெட்ராஸ் பக்கத்துலேருந்து போனதும் இருந்திச்சாம். நீலத் துணி. கட்டம் போட்ட துணி.”

நான் மேசைக்கு மறுபக்கம் இருந்த சட்டையைப் பார்த்தேன். என் வாழ்க்கை முழுவதும் நான் கட்டத்தில் பார்த்தது ஒன்றுதான்: கோடு சேருகிறதா, சேரவில்லையா. அந்தத் துணியை நெய்தவனுக்கும் அது எங்கே போய் எதற்கு மாறும் என்று தெரிந்திருக்காது. என்னைப் போலவே அவனும் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கொடுத்திருப்பான். ஒரு ஆளுக்கு எத்தனை முழம் என்று கேட்க வாய் வந்தது. நல்ல வேளையாகக் கேட்கவில்லை.

பிறகு அமெரிக்காவுக்குள்ளேயே சண்டை வந்து பஞ்சுக் கப்பல் நின்றுபோனதாம். ஆலைகள் மூடின. அந்த அம்மாவின் முன்னோர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்களாம். பஞ்சு கிடைக்காதா என்று எங்கள் முன்னோர்களின் ஊர்ப்பக்கம் வரைக்கும் தேடி வந்தார்களாம். அதற்கும் முன்பிருந்தே அந்த ஆலைத் துணி நம் பக்கம் வந்து இறங்கி, கைத்தறிக்காரர்கள் பலரைத் தறியை விட்டு எழுப்பி விட்டிருந்தது. அப்படி எழுந்தவர்களில் யாராவது மலைக்குக் கோப்பித் தோட்டத்துக்கு வந்தார்களா, அவர்களில் யாராவது எனக்குச் சொந்தமா என்று தெரியாது. எங்கள் வீட்டுக் கதைப்படி நாங்கள் திருச்சிப் பக்கம் பெரிய நிலக்காரர்கள். இங்கே எந்த லயத்தில் கேட்டாலும் எல்லோரும் பெரிய நிலக்காரர்கள்தான். ஏழையாக ஒருவர்கூடக் கப்பல் ஏறவில்லை.

“இப்ப அவுங்க ஊர்ல தறி ஒண்ணும் ஓடலியாம்” என்றார் கடைக்காரர். “வேலையெல்லாம் நடந்து நடந்து ஒங்ககிட்ட வந்திருச்சின்னு சொல்றாங்க.”

“எங்ககிட்டேருந்து எங்க போகும்னு கேளுங்க.”

கேட்டார். அந்த அம்மா தோளைக் குலுக்கினார்.

புறப்படும் முன் அவர் ஒரு வேடிக்கை செய்தார். தறிச் சத்தத்தில் அவருடைய அம்மாவும் உதட்டால்தான் பேசுவாராம். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லையாம். அது எப்படி என்று எனக்குக் காட்டினார். வாயை அகலமாக்கி, புருவத்தைத் தூக்கி, சத்தமே இல்லாமல் ஏதோ சொன்னார். அது எங்கள் லைன் பேச்சேதான். நானும் அதே போல, தமிழில், சத்தமில்லாமல், “சாப்பிட்டீங்களா?” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

“நல்லா பொழச்சீங்க” என்றார் கடைக்காரர். “நான் இருபது வருசம் இங்கிலீஷ் படிச்சும் ஒரு தொரசானி எனக்கு ரொட்டி குடுத்ததில்ல.”

அந்த அம்மா எங்கள் சட்டையைப் போட்டிருக்கவில்லை. தொடர்ந்து வந்த ஞாயிறுகளில் வேறு யாரும் போட்டிருக்கவில்லை. தவக்காலம் தீர்ந்துகொண்டிருந்தது.

உயிர்த்த ஞாயிறன்று அக்கா வீட்டுக்குப் போனேன், ஹப்புத்தளைக்குக் கீழே இருக்கிற தோட்டத்துக்கு. மறுநாள் திரும்பும் வழியில் பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். தேத்தண்ணிக் கடை பெஞ்சு, கையில் அக்கா கட்டிக்கொடுத்த கேக். எதிர்ப்புறம் மரக்கறி லொறி ஒன்று நின்றது. பனி விலகியது.

லொறியின் மேல், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த சட்டையில் மூன்று நீலக் கோடு, ஒரு மஞ்சள், நடுவில் மயிரிழை போலச் சிவப்பு. நாலு வருடத்துக்கு முன் மூன்று மாதம் முழுக்க எங்கள் லைனில் மட்டும் தைத்த கட்டம்; அத்தனையும் என் மேசையைத் தாண்டித்தான் போனது. அந்தச் சிவப்பைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தும் கண்ணாடி போலத் தெரிந்தது. தூரத்தில் இருப்பது எனக்கு எப்போதும் நன்றாகத் தெரியும்.

பாக்கெட்டும் தெரிந்தது. பாக்கெட் இருப்பதே தெரியக்கூடாது அல்லவா? நன்றாகத் தெரிந்தது. கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது.

கேக்கைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

“தம்பி, அந்த சேட்டு எங்க எடுத்தீங்க?”

“ஏன், ஒங்களுதா?”

“ஒரு வகையில.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “பண்டாரவளைச் சந்தையில குமிச்சிப் போட்டிருந்தாங்க. களவெடுக்கலங்க.”

“ஐயோ, அப்பிடிச் சொல்லல. கொஞ்சம் எறங்குங்க. உள்ள லேபல் இருக்கான்னு மட்டும் பாக்கணும்.”

இறங்கினான். அவனோடு மூட்டை ஏற்றும் இன்னும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கீழ்மடிப்பைத் திருப்பி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தேன். லேபல் வெட்டப்படவில்லை. எங்கள் தொழிற்சாலையின் எண். வலது பக்கத்துச் சட்டை. பக்கவாட்டில் ஏதோ விலைச்சீட்டைக் குத்திய ஸ்டேப்ளர் கம்பியும், அந்தக் கடதாசியில் ஒரு மூலையும் மிச்சம். காலருக்கு உள்ளே யாரோ கறுப்பு மையால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து எழுதி, அது துவைத்துத் துவைத்து மங்கிப் போயிருந்தது. காலரின் மடிப்பு வெளுத்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கழுத்து அதற்குள் பல நாள் இருந்திருக்கிறது. பிறகு வேண்டாம் என்று கழற்றிப் போட, அது மூட்டையாகக் கட்டப்பட்டு மறுபடியும் கப்பலேறி, நான் எல்லயில் தேடிக்கொண்டிருந்தபோது பண்டாரவளைச் சந்தையில் குவிந்து கிடந்திருக்கிறது.

“இத நான்தான் பாஸ் பண்ணேன்” என்றேன். “பாக்கெட் ஒரு கோடு எறங்கியிருக்கு.”

அவன் குனிந்து பார்த்தான். “எங்கங்க? நேராத்தானே இருக்கு.”

கூட வந்தவர்களில் ஒருவன், “சேட்டு நேருதான், ஆளுதான் கோணல்” என்றான்.

“கழட்டித் தாங்க தம்பி. பிரிச்சித் தைச்சி அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து தாறேன்.”

“இந்தக் குளிருல கழட்டச் சொல்றீங்களே, நல்லா இருக்கீங்களா?” என்று சிரித்தான். பிறகு பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு பச்சை மிளகாயை எடுத்து, ரொட்டியோடு கடித்துக்கொண்டான். இன்னொன்று உள்ளே இருந்தது. “எறங்கியிருந்தாலும் நல்லதுதாங்க. குனிஞ்சி மூட்ட தூக்கும்போது மொளகா விழாது. எனக்குன்னே தைச்ச மாதிரி.”

லொறி புறப்பட்டது. அவன் மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டான். வெல்லவாய ரோட்டில் வளைவு வரைக்கும் அந்தப் பாக்கெட் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கேக்கைக் காகம் தின்றுகொண்டிருந்தது.

பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். பனி மூட ஆரம்பித்தது போன வருடம் என்றுதானே நினைத்தேன். சட்டை நாலு வருடத்துக்கு முந்தியது. அப்படியென்றால் நாலு வருடமாகவே நான் கோட்டைப் பார்க்கவில்லை. அதற்குள் இரண்டு தடவை சிறந்த செக்கர் என்று சான்றிதழ் வேறு வாங்கி, அதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நேராகத்தான் மாட்டியிருப்பேன் என்று நம்புகிறேன்.

அடுத்த நாள் காலை மீட்டிங் முடிந்ததும் மேடத்திடம் போய், பரிசோதனை வேண்டாம், எனக்குக் கண் போதாது, வேறு இடம் கொடுங்கள் என்றேன். பெரகலச் சந்தியில் நாலு வருடத்துப் பிழையை நேரிலே கண்டதையும் சொன்னேன்.

“பகிடி விடாம சொல்லுங்க” என்றார்.

“பகிடி இல்ல மேடம்.”

“ஒங்களோட எது பகிடி எது உண்மைன்னு எனக்கு இன்னும் வெளங்கல.” ஆனாலும் இடம் கொடுத்தார்.

லைனைக் கடந்து போகும்போது பாக்கெட் தைக்கிற பெண்ணின் உதடு வழக்கம்போலக் கேட்டது.

“ஆள் கெடைச்சிச்சா?”

“கெடைச்சிச்சி” என்றேன், வாயை முடிந்தவரை அகலமாக்கி.

“பொய்.”

“உண்மை. நம்ம ஆளுதான். பாக்கெட்டுல பச்ச மொளகா வச்சிருந்தான்.” இரண்டு விரலால் மிளகாய் எடுத்துக் கடிப்பது போலச் செய்து காட்டினேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மெஷின்காரிக்கும் உதட்டால் சொன்னாள். அங்கிருந்து அடுத்தவளுக்குப் போனது. லைன் முழுக்கச் சிரித்தது. நான் இதுவரை சொன்னதிலேயே அதுதான் பெரிய பகிடியாம். நான் நின்றுகொண்டு இன்னொரு தடவை “உண்மை” என்றேன். நன்றாகச் சிரிக்கிறவர்களின் கண் மூடிவிடும். என் உதட்டை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நான் மடிக்கிற பகுதியில் இருக்கிறேன். அங்கே மெஷின் கிடையாது, சத்தம் கிடையாது, ஆகவே உதட்டால் பேசவும் யாரும் இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, காலருக்கு அடியில் அட்டை கொடுத்துப் படுக்க வைக்கிறேன். எல்லவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப நீளமாகிவிட்டது. அக்கா கண்ணாடி போட்டுக்கொள் என்கிறாள். போடலாம். இந்த வேலைக்குக் கண் தேவையில்லை, விரல் போதும்.

பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு சட்டையின் பாக்கெட்டுக்குள்ளும் இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன். ஊசி ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பதாகப் பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு மிளகாய்க்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. மூடி, பெட்டியில் வைக்கிறேன்.